அணைக்கும் முன் ஒரு நிமிடம்



சில வருடங்களுக்கு முன் எங்கள் நிலையத்துக்கு ஓர் அம்மா வந்தார். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போன தன் மகனைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித்தர வேண்டும் என்று கேட்டார். காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். அவர் சொல்லச் சொல்ல நான் கணனியில் பாமினி எழுத்தில் தட்டச்சு செய்தேன். மகன் எந்த இடத்தில், எந்த நாளில், என்ன உடுப்போடு கடைசியாகக் காணப்பட்டான் என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடையில் அழுதார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் சொன்னார். பன்னிரண்டு மணியாகும்போது மூன்று பக்கங்கள் வந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கணனி உறைந்துவிட்டது. மௌஸை அசைத்தேன், அம்புக்குறி அசையவில்லை. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். எனக்கு இரண்டு நிமிடம்கூடப் பொறுமை இருக்கவில்லை. எட்டிச் சுவரில் இருந்த ஆளியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். கணனி வேலை செய்தது. கடிதம் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவையாவது நான் அதைச் சேமித்து வைக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மா விளங்கிக்கொண்டார்.

"அப்ப முதல்ல இருந்து சொல்லட்டே, பிள்ளை?" என்று கேட்டார்.

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாம் தடவை அவர் வேகமாகச் சொல்லி முடித்தார். மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை விட்டுவிட்டார். நான்தான் அதை ஞாபகப்படுத்தி எழுத வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு கணனியை எப்படி நிறுத்துவது என்பதை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இதை ஒரு சின்ன விடயம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் முன்பள்ளிகளிலும் தையல் நிலையங்களிலும் ஒரு கணனியாவது இருக்கிறது. அவற்றுக்குள் சுழற்சிக் கடன் கணக்குகள் இருக்கின்றன. உதவிக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. காணாமற்போனவர்களைப் பற்றிய கடிதங்கள் இருக்கின்றன. ஆளியைத் தட்டி நிறுத்துவதால் இழக்கக்கூடியவை இவைதான்.

சுளகும் பானையும்

கணனிக்கு இரண்டு வகையான நினைவு உண்டு. ஒன்று தற்காலிக நினைவகம். மற்றது வன்தட்டு. புதிய கணனிகளில் வன்தட்டுக்குப் பதிலாகச் சுழலாத திண்மச் சேமிப்பகம் இருக்கும். இரண்டும் செய்கிற வேலை ஒன்றே.

அரிசி புடைக்கிற வேலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுளகில் இருக்கிற அரிசிதான் எங்கள் கைக்குக் கிட்ட இருப்பது. அதைத்தான் பார்க்கிறோம், கல் பொறுக்குகிறோம். ஆனால் திடீரென்று காற்றடித்தால் சுளகில் உள்ளது பறந்துவிடும். பானையில் கொட்டி மூடி வைத்தது பறக்காது. நாங்கள் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்வது சுளகில் இருப்பது போன்றது. அது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரைக்கும்தான் அந்த நினைவகத்துக்கு உயிர். "சேமி" என்று கட்டளை கொடுக்கும்போதுதான் அது வன்தட்டு என்ற பானைக்குள் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பானைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆராவது கையைத் தட்டிவிட்டால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் சிந்தும். கணனி ஒரு கோப்பை வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் கோப்பு அரைகுறையாகிவிடும். திறக்க முடியாமல் போகவும் கூடும். எழுதப்பட்டுக்கொண்டிருந்தது கணனியின் சொந்த இயக்கக் கோப்பாக இருந்தால், அடுத்த நாள் கணனியே எழும்பாது. நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் கணனி பின்னால் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே "நான் ஒன்றையும் திறக்கவில்லைத்தானே" என்று சொல்லி ஆளியை நிறுத்துவதும் சரியல்ல.

இன்றைய விண்டோஸ் இப்படியான சேதங்களில் பலவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். எல்லாவற்றையும் அல்ல. முக்கியமாக, நாங்கள் சேமிக்காததை அதனால் உருவாக்கித்தர முடியாது.

விண்டோஸ் 95, 98 காலத்துக் கணனிகளைப் பாவித்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். நிறுத்தும்படி கட்டளை கொடுத்தபின் கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்துக்கள் வரும். இனிக் கணனியை நிறுத்துவது பாதுகாப்பானது என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். அதன் பிறகே நாங்கள் கையால் பொத்தானை அழுத்தி நிறுத்துவோம். இன்றைய கணனிகள் தாங்களாகவே மின்சாரத்தை நிறுத்திக்கொள்வதால் அந்த அறிவிப்பு இப்போது வருவதில்லை. ஆனால் அது சொன்ன ஒழுங்கு மாறவில்லை. முதலில் கணனி தன் வேலையை முடிக்க வேண்டும். அதன் பிறகே மின்சாரம் நிற்க வேண்டும்.

ஒழுங்காக நிறுத்தும் முறை

1. செய்த வேலையைச் சேமியுங்கள். கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஸ் விசையைத் தட்டினால் போதும். கடைசியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பந்தி முடியும்போதும் செய்யுங்கள்.

2. திறந்திருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடுங்கள். மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கணனி கேட்டால் அவசரப்பட்டு "வேண்டாம்" என்பதை அழுத்தாதீர்கள். வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

3. பென் டிரைவ் செருகியிருந்தால், கீழே வலது மூலையில் உள்ள சிறிய அடையாளத்தின் மூலம் அதைப் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்தபின் கழற்றுங்கள்.

4. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, மின் அடையாளத்தைத் தெரிந்து, "ஷட் டவுன்" என்பதை அழுத்துங்கள்.

5. காத்திருங்கள். திரை கறுத்தால் மட்டும் போதாது. பெட்டியில் உள்ள சிறிய விளக்கு அணைந்து, உள்ளே விசிறிச் சத்தமும் நிற்க வேண்டும்.

6. அதன் பிறகு திரை, பிரிண்டர், யூ.பி.எஸ், கடைசியாகச் சுவர் ஆளி என்ற ஒழுங்கில் நிறுத்துங்கள்.

நிறுத்தும்போது சில வேளைகளில், புதுப்பித்தல் நடைபெறுகிறது, கணனியை நிறுத்த வேண்டாம் என்ற அறிவிப்பு வரும். பஸ் போய்விடும் என்று பிளக்கை இழுத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கணனி தன் இயக்கக் கோப்புகளையே மாற்றிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் மிகப் பெரிய சேதம் வருவது அப்போதுதான். வீட்டுக்குப் போக அரை மணித்தியாலம் இருக்கும்போதே நிறுத்தத் தொடங்கினால் இந்த அவசரம் வராது.

உறைந்து நின்றால்

நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது என்ன என்பதை இப்போது சொல்கிறேன்.

முதலில் காத்திருக்க வேண்டும். பழைய கணனி பல வேளைகளில் உண்மையில் உறைவதில்லை. மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். பெட்டியில் ஒரு சிறிய விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடமாவது விடுங்கள். அந்த நேரத்தில் திரையில் உள்ளதைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். இதைத்தான் நான் செய்யத் தவறினேன். திரையில் தெரிந்த ஒரு பக்கமாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்து கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். அதில் வரும் பட்டியலில் "டாஸ்க் மனேஜர்" என்பதைத் திறந்தால் எந்தச் செயலி பதில் சொல்லாமல் நிற்கிறது என்று காட்டும். அதை மட்டும் மூடலாம். ஆனால் உங்கள் கடிதம் இருக்கும் செயலியே அதுவென்றால் அதை மூடுவதைக் கடைசிக்கு விடுங்கள். அதே திரையின் கீழ் மூலையில் மின் அடையாளமும் இருக்கும். அதன் மூலம் ஒழுங்காகவே நிறுத்தலாம்.

எதுவும் சரிவராவிட்டால்தான் கணனியின் பொத்தானை ஐந்து முதல் பத்து விநாடி வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இது கடைசி மருந்து. நின்றபின் அரை நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். எழும்பும்போது வன்தட்டைப் பரிசோதிப்பதாகச் சொன்னால் அதை முடிக்க விடுங்கள்.

வேர்ட் போன்ற செயலிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாக ஒரு மீட்புப் பிரதியை எடுத்து வைக்கும். வழமையாக அந்த இடைவெளி 10 நிமிடம். அதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைக்கலாம். எங்கள் கணனியில் அந்த வசதியை ஆரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். நானும் பார்க்கவில்லை. இன்றைக்கே உங்கள் சங்கக் கணனியில் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

"திரும்பத் தொடங்கிப் பாருங்கோ"

கணனி திருத்துபவரைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். இதில் கேலி இல்லை. பல மணித்தியாலம் வேலை செய்யும்போது சில செயலிகள் தாம் எடுத்த நினைவிடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும். சுளகு நிறைந்து இடமில்லாமல் போவது போல. திரும்பத் தொடங்கும்போது அந்த நினைவகம் முழுக்க வெறுமையாகி, எல்லாம் புதிதாக ஆரம்பிக்கிறது. பிரிண்டர் வேலை செய்யாமல் நிற்பது, இணையம் வராமல் போவது போன்ற பல தொல்லைகள் இதனாலேயே தீரும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 தொடக்கம், "ஷட் டவுன்" கொடுத்தாலும் கணனி முழுமையாக வெறுமையாவதில்லை. அடுத்த முறை விரைவாக எழும்புவதற்காக இயக்கத்தின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் "ரீஸ்டார்ட்" கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்தே தொடங்கும். ஆகவே வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது "ஷட் டவுன்" செய்யுங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் "ரீஸ்டார்ட்" செய்யுங்கள். இரண்டுக்கும் முன்னால் சேமிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மூடியை மடித்தால் அது பெரும்பாலும் நித்திரைக்குத்தான் போகிறது, நிற்பதில்லை. நித்திரையிலும் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பற்றரி முழுக்க இறங்கினால் சேமிக்காதது போய்விடக்கூடும்.

மின்சாரமும் இடியும்

மின்சாரம் நின்றுபோவது எங்களுக்குப் புதிதல்ல. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றபின் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! விளக்கு அணைந்தால் திரும்பக் கொளுத்தலாம். புத்தகத்தில் உள்ள எழுத்து அழியாது. கணனி அப்படியல்ல.

இப்போது தேசிய மின்வலையோடு இணைந்திருக்கிறோம் என்றாலும் தடை வரத்தான் செய்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கமாட்டோம். அதுவாவது நேரம் சொல்லி வந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் ஒரேயடியாக நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். பாணந்துறைக் குரங்கு பருத்தித்துறைக் கணக்கை அழிக்கலாம் என்பதுதான் இதில் நாங்கள் படிக்க வேண்டிய பாடம்.

யூ.பி.எஸ் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். ஆனால் அது மின்சாரம் இல்லாதபோது வேலையைத் தொடருவதற்காக அல்ல. சாதாரண யூ.பி.எஸ் சில நிமிடங்களே தாங்கும். அது கத்தத் தொடங்கியதும் சேமித்து, ஒழுங்காக நிறுத்துவதற்குத்தான் அந்த நிமிடங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், அது இழுக்கும் மின்சாரத்தை யூ.பி.எஸ் தாங்காது. பற்றரி சில வருடங்களில் பலவீனமாகிவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

மின்சாரம் நின்றுவிட்டால் உடனே சுவர் ஆளியை நிறுத்துங்கள். திரும்ப வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். மின்குமிழ் நிதானமாக எரிகிறதா என்று பார்த்து, ஐந்து பத்து நிமிடம் விட்டே கணனியைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டி முழக்கம் தொலைவில் கேட்கும்போதே கணனியை ஒழுங்காக நிறுத்தி, பிளக்கையும் இணைய வயரையும் கழற்றி வையுங்கள். மின்னல் தலைக்கு மேலே வந்தபின் வயரில் கைவைக்க வேண்டாம். அப்போது கணனியைவிட உங்கள் உயிர் பெரிது.

கேத்தலும் கணனியும் ஒரே மல்டிபிளக்கில் இருக்கும் சங்கங்களைக் கண்டிருக்கிறேன். தேநீர் போட வந்தவர் எந்த பிளக் என்று பாராமல் இழுத்துவிடுவார். கணனிக்குத் தனி பிளக் கொடுத்து, "கழற்ற வேண்டாம்" என்று ஒரு கடதாசியை ஒட்டிவிடுங்கள்.

மூடி வைப்பதும் ஒரு பாதுகாப்பு

ஒழுங்காக நிறுத்துவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணனியைத் திறந்தபடி விட்டுப் போனால் அதில் உள்ளதை ஆரும் வாசிக்கலாம். எங்கள் பெண்கள் சொல்லும் விடயங்கள் சாதாரணமானவை அல்ல. கணவனின் அடியைப் பற்றி ஒருத்தி சொல்லியிருப்பாள். மகனைத் தேடும் தாய் சில பெயர்களைச் சொல்லியிருப்பார். இன்னொருத்தி தன் கடன் நிலுவையைச் சொல்லியிருப்பாள். அவை ஊருக்குள் போனால் அவர்களுக்குத்தான் ஆபத்து.

ஆகவே கணனிக்குக் கடவுச்சொல் வையுங்கள். அதைக் கடதாசியில் எழுதித் திரையில் ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் எழும்பிப் போவதென்றாலும் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டுப் போங்கள்.

இன்னொரு பிரதி

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு எட்டு வயது. அம்மா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதற்குள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் இருந்தன. வேறு எதை விட்டாலும் அந்தப் பையை அவர் விடவில்லை. பின்னர் உறுதி இல்லாமல் தங்கள் காணியை நிரூபிக்க அலைந்த குடும்பங்களைக் கண்டபோதுதான் அந்தப் பையின் அருமை விளங்கியது. 1981 இல் எங்கள் நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி எடுத்து வைக்கிறார்கள் என்றால், அந்த இழப்பை அறிந்தவர்கள் செய்கிற வேலை அது.

சங்கக் கணனிக்கும் அந்தத் துணிப்பை தேவை. கிழமைக்கு ஒருநாள் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, கணனி இருக்கும் கட்டடத்தில் அல்லாமல் பொருளாளர் வீட்டு அலுமாரியில் பூட்டி வையுங்கள். அதற்கும் கடவுச்சொல் போடுங்கள். கடன் கணக்கை மாத முடிவில் கடதாசியிலும் அச்செடுங்கள்.

தொட்டுப் பழகுங்கள்

"நான் தொட்டால் பழுதாப்போயிடும், தம்பி வந்து நிறுத்தட்டும்" என்று சொல்கிற அக்காமார் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே விறகு பொறுக்கியவர்கள், நிவாரண அட்டையோடு வரிசையில் நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள், ஒரு பொத்தானுக்குப் பயப்படத் தேவையில்லை. மேலே சொன்ன ஆறு படிகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கணனிக்கு மேலே ஒட்டுங்கள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள் நிறுத்தட்டும். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் கைவந்துவிடும்.

அந்த அம்மா அதன் பிறகும் இரண்டு தடவை வந்தார், வேறு கடிதங்களுக்காக. இப்போது ஒவ்வொரு பந்தி முடிந்ததும் நான் சேமிக்கிறேன். பிறகு அதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கடைசியாக வந்தபோது, வாசிக்கத் தொடங்கும் முன்னமே அவர் கேட்டார்.

"பிள்ளை, உள்ள வைச்சிட்டியே?"

"வைச்சிட்டன் அம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கினார்.